ஆன்டோவின் லீவு

10 நவம்பர் 1996, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். பேத்தி பிரின்ஸி திருச்சியில் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், போன பரீட்சையில் வகுப்பிலேயே முதல். மகள் வீட்டுப் பேரன் பேங்க் பரீட்சை பாஸ். பெரிய பேரன் ஆன்டோ துபாயில் சூப்பர்வைசர். குத்தாலத்தில் எங்கள் தெருவிலிருந்து முதலில் ஏரோப்ளேன் ஏறியவன் அவன்தான். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட இந்தச் சகாயம்மாளின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னேன். என் மகன் சவரியப்பன், “போதும்மா, கண்ணு படப்போவுது” என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டான். பெற்ற அப்பனுக்கே பெருமை இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஆன்டோ டிசம்பர் எட்டாம் தேதி வருகிறான். டை கட்டி ஆபீஸ் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று எத்தனை கடிதம் போட்டேன். அனுப்பவே இல்லை. இனி போட்டோ எதற்கு, ஆளே வருகிறான்.

19 நவம்பர்

அதிரசத்துக்கு வெல்லம் வாங்கியாயிற்று. மழை விடவில்லை. சம்பா நடவு தண்ணீரில் நிற்கிறது.

27 நவம்பர்

எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. அவன் வரவில்லை.

“கோச்சுக்காத அப்பாயி. எங்கூட ரூம்ல இருக்கிற சித்தீக்கோட அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஒரு நேரத்துல ஒரு ஆளுக்குத்தான் லீவு. என் லீவ அவனுக்குக் குடுத்துட்டேன்.”

அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். அடுத்த வருஷக் கடைசி என்றான். எனக்கு எழுபத்து நாலு வயசு என்று அவனுக்குத் தெரியாதா? “என்னையக் குழியில வச்சப்புறம் வா” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பூத்துக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

28 நவம்பர்

அதிரசம் சுடவில்லை.

1 டிசம்பர்

கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள், பேரன் எப்ப வர்றான், எப்ப வர்றான் என்று. என்ன சொல்வேன்?

எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மா நிஜமாகவே சாகக் கிடக்கிறாளா? லீவு வேண்டும் என்று கதை கட்டியிருந்தால்? என் பேரன் இளிச்சவாயன், யார் அழுதாலும் நம்புவான். திருத்துறைப்பூண்டியில் அந்த சித்தீக் வீடு சவரியப்பனுக்குத் தெரியும். போன வருஷம் ஆன்டோ ஆள் மூலம் அனுப்பிய பெட்டியை அங்கே போய்த்தான் வாங்கி வந்தான். தெருவைக் கேட்டு வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை.

3 டிசம்பர், திருத்துறைப்பூண்டி

மாயவரம், திருவாரூர் என்று பஸ் மாறி மத்தியானம் வந்து சேர்ந்தேன். சித்தீக்கின் மனைவி சபிஹா கதவைத் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நான் ஆன்டோவின் அப்பாயி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். பார்த்து ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

உள்ளே கட்டிலில் சித்தீக்கின் அம்மா ரஹ்மத் பீவி. பொய் இல்லை. அந்த மூச்சு எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் கடைசியில் அப்படித்தான் இழுத்தது. வயிற்றில் கட்டியாம். ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சித்தீக் வெள்ளிக்கிழமைதான் வருகிறான்.

சுவரில் ஒரு போட்டோ. நீல உடுப்பு, மஞ்சள் தொப்பி, தோளில் கை போட்டு இரண்டு பேர். ஒருத்தன் ஆன்டோ. என்னிடம் இல்லாத போட்டோ. எலும்பாக இருக்கிறான். முழங்கை வரைக்கும் சிமென்ட்.

சூப்பர்வைசரா இது?

“அது மஞ்சக்காமால வந்து எந்திரிச்சப்புறம் எடுத்ததுங்க” என்றாள் சபிஹா. எந்த மஞ்சள்காமாலை என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சித்தீக்தான் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி துவைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டானாம். விஷயம் தெரிந்ததும் இந்த ரஹ்மத் பீவி நாகூருக்குப் போய் ஆன்டோ பெயரில் நேர்ந்துகொண்டாராம். அவன் எழுந்து வேலைக்குப் போகும் வரைக்கும் கறி மீன் தொடவில்லையாம். முகம் கூடப் பார்க்காத பிள்ளைக்கு.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? டை கட்டிப் போட்டோ எடு என்று கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. சவரியப்பனுக்கு போன் செய்து, எங்கே என்று சொல்லாமல், இரண்டு நாள் ஆகும் என்றேன்.

4 டிசம்பர்

சபிஹா குழந்தையைப் பார்ப்பாளா, மாமியைப் பார்ப்பாளா? ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கிறேன். அலமாரியில் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் ஒரு பாட்டில். கடைசியில் அது என் பிள்ளை கையால்தான் என்று ரஹ்மத் பீவி முன்னமே சொல்லி வைத்திருக்கிறார். நாங்கள் தொடவில்லை.

சாயங்காலம் ஜெபமாலை சொல்கிற நேரம். இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லுங்க அப்பாயி. பக்கத்துல ஆளு இருக்குன்னு மாமிக்குத் தெரிஞ்சா போதும்” என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ரஹ்மத் பீவியின் கை தடவித் தடவி வந்து என் மடியிலிருந்த மாலையைப் பிடித்தது. கண் மூடியே இருக்கிறது. விரல் மணியை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது. உதடு அசைகிறது. தன்னுடைய தஸ்பி மணி என்று நினைத்துவிட்டார். பிடுங்க மனசு வரவில்லை. குருசில் கை பட்டு, கடைசி நேரத்தில் அவர் மனசு கலங்கக் கூடாதே என்று அதை மட்டும் என் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

குருசை மறைத்தது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லப் போவதில்லை.

6 டிசம்பர், வெள்ளி

நேற்று முழுக்க மூச்சு விட்டு விட்டு வந்தது, மாலையை மட்டும் அவர் விரல் விடவில்லை. மாதாவே, அந்தப் பிள்ளை வந்து சேரும் வரைக்கும் என்று மட்டும் கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் சித்தீக் வந்துவிட்டான். மெட்ராஸிலிருந்து மழையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். தாயின் விரலில் என் மாலை. மறுமுனையில் மூடிய என் கை. பார்த்தான். நான் தடுமாறிப் போய், குருசு தம்பி, அவங்களுக்குத் தெரிய வேணாம்னு பிடிச்சிருக்கேன் என்றேன்.

“அம்மாவோட தஸ்பி தலகாணிக்கு அடியிலதான் இருக்குங்க. மணி மாறுனா அவங்க கைக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு, மடங்கிப்போன என் விரல்களை அவனே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

தெரிந்துதான் பிடித்திருந்தாரா?

ஜம்ஜம் தண்ணீரை அவன் கையால் கொடுத்தான். காதருகே குனிந்து கலிமா சொன்னான். ஒரு வாய் இறங்கியது. இரண்டாவது வாய் கடைவாயில் வழிந்துவிட்டது.

7 டிசம்பர்

நேற்றே அடக்கம் முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கே போயிருந்தாய் என்று கேட்ட சவரியப்பனுக்கு, ஒரு சாவுக்கு என்றேன்.

“யாரு?”

நமக்கு வேண்டியவங்க என்றேன்.

22 டிசம்பர், ஞாயிறு

கோயில் வாசலில் ஆன்டோ வரவில்லையா என்று கேட்டார்கள். வரவில்லை, லீவை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டான் என்றேன். இந்தத் தடவை சவரியப்பன் சைக்கிளை நிறுத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

மத்தியானம் சித்தீக் வந்தான். அவன் வீட்டிலேயே விட்டு வந்த என் ஜெபமாலையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். சாப்பிடச் சொன்னேன், வயிறாரச் சாப்பிட்டான். ஜனவரியில் திரும்பிப் போகிறான். நேற்றுச் சுட்ட அதிரசத்தை இரண்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், ஒன்று ஆன்டோவுக்கு, ஒன்று அவனுக்கு. அங்கே ஆன்டோவுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வாசல் வரை போனவனைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன்.

“போய்ச் சேந்ததும் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடு தம்பி. டையெல்லாம் வேணாம். வேலைச் சட்டையோடவே நில்லுங்க, ரெண்டு பேரும். தொப்பிய மட்டும் கழட்டிக்குங்க. முகம் நல்லாத் தெரியணும்.”