எடை மெஷினில் நாங்கள் இருவர்

மார்ச் 3
வேலைக்குத் திரும்ப ஐந்து வாரம்தான். பழைய கால்சட்டையைப் போட்டுப் பார்த்தேன். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண். அந்த நேரம் பார்த்து இவருடைய அக்கா வந்தார்.

"மூணு மாசமாச்சு, வயிறு இன்னும் இறங்கலையே! உள்ள இன்னொண்ணை ஒளிச்சு வெச்சிருக்கியா?"

வைத்தியமும் அவரே சொன்னார். சமையலறை பிளாஸ்டிக் தாளை வயிற்றில் இறுக்கிச் சுற்று. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் வெந்நீரில் ஒரு மூடி வினிகர். பல் தேய்க்கும்போது வயிற்றை எக்கு.

"பண்ணித்தான் பாரேன், காசா பணமா?"

தலையாட்டினேன். படித்தவள்!

மார்ச் 4
மகள் சிட்டுவைக் கீழே விட்டால் அழுகையில் வீடே அதிரும். அவளைத் தூக்கிக்கொண்டே மெஷினில் ஏறினேன். 73.4. போன வாரம் கிளினிக்கில் அவள் 5.2. கழித்தால் நான் 68.2. இவரிடம் சொல்லவில்லை, சிரிப்பார்.

மார்ச் 9
பிளாஸ்டிக்கோடு கண்ணாடியில் பார்த்தால், மூடிவைத்த மீந்த சாப்பாடு மாதிரி இருக்கிறேன். சுற்றிய இடம் ஒடுங்குகிறது, அதற்கு மேலே பிதுங்குகிறது. இது இளைப்பதா, இடம் மாறுவதா?

மார்ச் 17
மறுபடியும் 73.4. மெஷின் செத்துவிட்டதா? பிறகுதான் உறைத்தது — அவள் வளர்ந்திருப்பாளே! தடுப்பூசி அட்டையில் போட்டிருக்கும் வளர்ச்சிக் கோட்டின்படி இப்போது 5.5. அப்படியானால் நான் 67.9. முந்நூறு கிராம்! வினிகரா, பிளாஸ்டிக்கா, பட்டினியா?

மார்ச் 24
73.4. அட்டைப்படி அவள் 5.7, நான் 67.7. கால்சட்டை மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை. ஏன்?
சிட்டு நாள் முழுக்க அழுகை. "பசியோ என்னமோ" என்றார் இவர். "இப்பதானே குடுத்தேன்!" என்று எரிந்து விழுந்தேன்.

மார்ச் 27
கிளினிக்கில் சிஸ்டர் நிறுத்தார். "அஞ்சு புள்ளி ரெண்டு. போன மாசமும் இதேதானே?" திரும்பக் கிடத்தினார். 5.2.

கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். குழந்தையை நிறுக்காமல் அட்டையை நிறுத்திருக்கிறேன். நான் ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. அவள் ஒரு கிராம்கூட ஏறவில்லை.

"நேரத்துக்குச் சாப்பிடறீங்களாம்மா?"

"ம்."

வாசல்வரை போனேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஸ்டிக் உட்பட.

"அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பட்டினி கிடந்து பால் குடுக்காதீங்க. பத்து நாள்ல தூக்கிட்டு வாங்க."

அதனாலா, இல்லையா? யாராவது அடித்துத்தான் சொல்லுங்களேன்!

மார்ச் 28
இவரிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2
அழுகை குறைந்த மாதிரி இருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

ஏப்ரல் 7
5.45. சிஸ்டரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். 5.45-தான்.

என் வயிறு அப்படியே இருக்கிறது. அந்த வைத்தியங்களில் எதுவாவது பலிக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் பெரியவர்கள் நிற்கும் மெஷின் இருந்தது. "குழந்தையை நான் வெச்சுக்கறேன், நீங்களும் ஏறிப் பாருங்களேன்" என்றார் சிஸ்டர்.

"வேண்டாம் சிஸ்டர், பசிக்குது. வீட்டுக்குப் போகணும்."