வேண்டாம் என்று சொல்லும் வகுப்பு

ஜூன் 4

என் செல்ல வாலுவுக்கு,

உன்னை அந்தச் சிகிச்சை மையத்தில் சேர்த்த அன்று ஆலோசகர் மேடம் என்னைத் தனியாக உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "உங்க பொண்ணுக்கு என்னம்மா பிடிக்கும்?" இவ்வளவு சுலபமான கேள்வியா என்று நான் மடமடவென்று ஒப்பித்தேன். ஜன்னலோர இருக்கை, மழையில் நனைவது, ஆரஞ்சு மிட்டாய், நாய்க்குட்டி படம் போட்ட எதுவும். அவர் பேனாவை மூடிவிட்டு, "இதெல்லாம் எந்த வயசுல?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு இருபத்து நான்கு வயது. நான் சொன்னதெல்லாம் பத்து வயதுக்காரியைப் பற்றி. ஆயுசு முழுக்க அறிவியல் டீச்சராக இருந்தவள் சொந்த வீட்டுப் பரீட்சையில் கோட்டை விட்டேன். இப்போது உனக்கு என்ன பிடிக்கும் என்று பதிலில் எழுது.

போன் கூடாது, கடிதம்தான் என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்களே, யார் கண்டுபிடித்தார்கள்? எதிர்வீட்டு அக்கா, "பொண்ணைக் காணோமே?" என்றாள். பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்றேன். "என்ன பயிற்சி?" "நல்ல பயிற்சி." இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? கை நடுக்கம் நின்றதா? டாக்டர் சொன்னபடி மருந்து சாப்பிடு. உடம்பு தேறியதும் நேராக வீட்டுக்கு வந்துவிடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆசையுடன்,
அம்மா


ஜூன் 12

அன்புள்ள அம்மா,

கை நடுக்கம் நின்றுவிட்டது. நிற்காவிட்டால் இந்தக் கையெழுத்தை உன்னால் படிக்க முடியுமா? முதல் வாரம் மோசம்தான். வியர்வை, தூக்கமின்மை, எல்லார் மேலும் எரிச்சல். டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்தார். இப்போது நன்றாகப் பசிக்கிறது. பாத்திரம் தேய்க்கும் முறை எனக்கு.

என் அறையில் இரண்டு பேர். ஒருத்தி பேக்கரியில் வேலை பார்த்தவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பேக்கரி அக்கா என்கிறோம். இன்னொருத்தி கல்லூரி மாணவி. வாயை மூடவே மாட்டாள் என்பதால் அவள் ரேடியோ. "யாராவது அந்த வால்யூமைக் குறைங்கடி" என்று அக்கா நாளெல்லாம் கெஞ்சுகிறாள்.

நீ ஏன் 'உடம்பு, உடம்பு' என்றே எழுதுகிறாய்? குடி என்று எழுது அம்மா. இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைக்குப் பல் மழுங்குகிறது.

புதன்கிழமைகளில் ஒரு வகுப்பு. ஒருத்தி தோழியாகவோ மேலதிகாரியாகவோ வந்து குடிக்கக் கூப்பிட வேண்டும், மற்றவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ரேடியோ என் அச்சகத்துத் தோழியாக வந்து காலி டம்ளரை நீட்டினாள். "ஏய், எனக்குச் சம்பளம் ஏத்தியிருக்காங்கடி, ஒரே ஒரு கிளாஸ்!" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாக்கலாம்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம், "இது மறுப்பு இல்ல, அப்பாயின்ட்மென்ட்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நான் யாருக்கும் முழுசாக வேண்டாம் சொன்னதே இல்லை, உனக்கும் சேர்த்துத்தான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு ஒளிந்துகொண்டு என் இஷ்டத்துக்குச் செய்வேன்.

வரும் ஞாயிறு வீட்டார் வரும் நாள். உனக்கும் ஒரு வேஷம் இருக்கிறதாம். வந்துவிடு.

எனக்குப் பிடித்தது: பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் யாரும் பேசாமல் இருப்பது. ரேடியோ உள்ளவரை அது நடக்காது.

உன்
வாலு


ஜூன் 16

வாலு,

இன்னும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பழைய தோழியா நடிங்கம்மா" என்று மேடம் டம்ளரைக் கையில் கொடுத்தபோது திருப்பிக் கொடுக்கத்தான் பார்த்தேன். ஆனால் எதிரே இத்தனை முகங்களைப் பார்த்ததும் டீச்சருக்குத் தைரியம் வந்துவிட்டது. "என்னடி, பெரிய மனுஷி ஆயிட்டியா? ஒரு வாய் குடிச்சா உலகமா அழிஞ்சிடும்?" இந்தப் பேச்செல்லாம் எனக்குள் எங்கே இருந்தது? நீ முதலில் தரையைப் பார்த்து "வேணாம்" என்றாய். நான் விடவில்லை. தோளில் கை போட்டேன், கோபித்தேன், அழுதும் காட்டினேன். கடைசியில் நிமிர்ந்து, "வேணாம்னா வேணாம். நான் குடியை விட்டுட்டேன். வேணும்னா டீ குடிக்க வா" என்றாயே, கூடமே கை தட்டியது. பேக்கரி அக்கா என்னிடம் வந்து, "அம்மா, நீங்க கெட்ட சகவாசத்துக்குன்னே பொறந்தவங்க" என்றாள். இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததே இல்லை.

சைக்கிள் பழகுகிறவர்களைப் பார். சமதரையிலேயே பிரேக் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். சரிவில் இறங்கும்போது கற்றுக்கொள்ளவா முடியும்? உங்கள் வகுப்பும் அப்படித்தான்.

இனி நல்ல செய்தி. வீடு தயார்! தச்சரை வரவழைத்து உன் அறைத் தாழ்ப்பாளையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றச் சொன்னேன். அவர் திகைத்துப்போய், "ஏம்மா, தாழ்ப்பாள் இல்லாம எப்படிக் குளிப்பீங்க?" என்றார். "பாடிக்கிட்டே குளிப்போம்" என்றேன். என் கட்டிலையும் உன் அறைக்கே மாற்றிவிட்டேன். உனக்கு ராத்திரியில் குடி ஞாபகம் வந்தால் கை நீட்டினால் அம்மா. (எழுதிவிட்டேன் பார், குடி!)

சிகிச்சை முடிந்த பெண்கள் சேர்ந்து தங்கும் வீடு ஒன்று இருப்பதாக மேடம் சொன்னார். சொந்த வீடு இருக்கிறவளுக்கு அது எதற்கு?

வழி பார்த்திருக்கும்,
அம்மா


ஜூன் 24

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். பாடிக்கொண்டே குளிப்பது வரை எல்லாரும் சிரித்தார்கள். கட்டில் வந்ததும் ரேடியோகூடப் பேசவில்லை.

நான் வீட்டுக்கு வரவில்லை அம்மா.

குடித்த காலத்தில் நான் புட்டியைத் துணிகளுக்கு நடுவே வைப்பேன். நீ அலமாரியைக் குடைவாய், என் டம்ளரை மோந்து பார்ப்பாய், குளியலறைக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நான் தந்த வேலைதானே அது. ஆனால் நான் ஒளிக்க, நீ தேட, இரண்டு பேரும் அதில் கெட்டிக்காரிகள் ஆகிவிட்டோம். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் என் கை தானாக ஒளிக்கப் பார்க்கும், ஒளிக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும். பிறகு ஒளிக்க ஏதாவது வேண்டியிருக்கும். அதுதான் என் பயம்.

மேடம் சொன்ன வீட்டில் நான்கு பேர். எல்லாரும் குடியையோ மாத்திரையையோ விட்டவர்கள். வாடகையும் சமையலும் பங்கு. வாரம் ஒரு கூட்டம். அச்சகத்தில் என் வேலையை வைத்திருக்கிறார்கள். பேக்கரி அக்காவும் வருகிறாள். ஒரு வருஷமாவது அங்கே இருக்கப் போகிறேன்.

உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்று உன்னிடமும் தப்பித்துக்கொள்ள விருப்பமில்லை. அதனால் முழுசாகச் சொல்கிறேன்: வேண்டாம் அம்மா.

உன் மகள்


ஜூன் 28

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. பெற்றவளைவிட வாடகை வீடு பெரிதாகிவிட்டது. சரி, உன் இஷ்டம். இனி நான் எதுவும் சொல்லவில்லை.

போர்வையும் குடையும் அனுப்பியிருக்கிறேன். போர்வையைத் துவைத்துவிட்டுப் போர்த்திக்கொள்.

அம்மா


ஜூலை 9

அன்புள்ள அம்மா,

போர்வையைத் துவைத்தேன். சாயம் போய்ப் பேக்கரி அக்காவின் வெள்ளைச் சட்டை ரோஜா நிறமாகிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு, எனக்குக் கல்யாணக் களை வந்துடுச்சு" என்று அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

என் அறை மாடியில், சிறியது. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். நல்லவேளை, கட்டில் ஒன்றுதான்.

நீ கோபமாக இருக்கிறாய். இருந்துகொள் அம்மா. பழைய நானாக இருந்தால் உன் கோபம் தாங்காமல் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அடுத்த வாரமே குடித்திருப்பேன்.

போன வெள்ளி அச்சகத்தில் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. ஒருத்தி கிளாஸோடு வந்து தோளில் கை போட்டாள். உன் நடிப்பில் பாதிகூட இல்லை! வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி உள்ளே போகலாமா என்றும் தோன்றியது. அக்காவுக்குப் போன் செய்தேன். கையில் மாவோடு ஓடி வந்தாள். "எழுந்திருடி, சட்டையில மாவு ஒட்டினா நான் பொறுப்பில்ல" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது போன் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் கடிதம்தான் எழுதுகிறேன். போனில் நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். இன்னும் அவ்வளவு தேறவில்லை.

உன்
வாலு


ஜூலை 19

என் வாலுவுக்கு,

பத்து நாளாக உனக்குப் பதில் எழுதாமல் முறுக்கிக்கொண்டு இருந்தேன். முறுக்கு தளர்ந்த கதையைக் கேள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குளிக்கப் போனேன். வீட்டில் ஈ காக்காய் இல்லை. வாசல் கதவும் பூட்டியிருந்தது. ஆனாலும் குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாடிப் பார்த்தேன், உதவவில்லை. தண்ணீர் நிரம்பிய வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். வாளி சரிந்து தண்ணீர் முழுக்க வெளியே போய்விட்டது. ஈரத் துண்டோடு அங்கேயே நின்றேன். யாரிடமிருந்து எதை மறைக்கிறேன்? ஒன்றுமில்லை. கதவு சாத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இது எனக்கு இப்படி என்றால், இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு?

தச்சர் வந்து தாழ்ப்பாள்களைத் திரும்பவும் மாட்டிவிட்டுப் போனார். "பாட்டு முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

நீ எங்கே இருக்கிறாய் என்று எதிர்வீட்டு அக்கா மறுபடி கேட்டாள். குடியை விட்டுவிட்டாள், தோழிகளோடு தனியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள் என்றேன். அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "தைரியக்காரிதான்" என்றாள். உன்னைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டு பேருக்கும் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. புதன்கிழமைகளில் கெட்ட தோழியாக நடிக்க மேடம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போன வாரம் ரேடியோவை ஒரு கை பார்த்தேன். அவள் மறுத்துப் பேசிய பேச்சில் நான் களைத்துப்போய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்!

நீ என்னிடம் வேண்டாம் என்று சொன்னாய். வலித்தது, இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் சொன்னது சரி. அந்த வீட்டிலேயே இரு. எத்தனை நாள் வேண்டுமோ இரு.

எனக்கும் ஒரு வியாதி இருக்கிறது. நீ குடித்த நாட்களில், நீ எடுக்காத ஒவ்வொரு போனுக்கும் எனக்கு ஒரே அர்த்தம்தான். மணி அடிக்க அடிக்க, நீ எங்கோ தரையில் கிடப்பது கண்ணில் தெரியும். இப்போதும் தெரிகிறது. அதனால்தான் உன் எண்ணைத் தொடவே பயமாக இருக்கிறது. இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியவள் நான். அதற்கு ஒரே ஒரு உதவி மட்டும் செய்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உனக்குப் போன் செய்வேன். எடுக்காதே. நீ எடுக்காவிட்டாலும் பயப்படாமல் இருக்க நானும் சமதரையிலேயே பழகிக்கொள்கிறேன். சாப்பிட்டு, அக்காவோடு அரட்டை அடித்து முடித்து, உனக்குப் பேசத் தோன்றும்போது நீ கூப்பிடு.

உன்
அம்மா