டீச்சர் வீட்டுக் காபி மூலை

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு டீச்சர் வீட்டுச் சமையலறையில் காபி போடுவதற்கென்றே ஒரு மூலை செய்துகொடுத்தேன். ஜன்னலோரம் தேக்குப் பலகையில் மேடை, அடியில் காபிப் பொடிக்கும் சர்க்கரைக்கும் இழுப்பறைகள், மேலே கோப்பைகளை மாட்டக் கொக்கிகள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் டீச்சர் நல்ல உயரம். முதல் காபி போட வந்தவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. தொங்கிய கோப்பை வேறு நெற்றியில் இடித்தது.

"யாரை அளந்து செஞ்சீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. அவர் சொன்ன அளவை எழுதிய சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. கைப்பழக்கத்தில் உன் உயரத்துக்கே எல்லாவற்றையும் அடித்திருக்கிறேன்.

"எங்க வீட்டம்மா உயரம், டீச்சர்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "சரி, உக்காருங்க" என்று அந்தக் காபியை எனக்கே கொடுத்தார். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கக் காபி குடித்து வெகுநாளாயிற்று. மெதுவாகக் குடித்தேன். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி உயர்த்திக் கொடுத்துவிட்டேன். வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை, கவலைப்படாதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. அப்புறம், பாப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து எழுது. உன் உயரம் கைக்கே தெரிகிறது. அவள் உயரம் எனக்குத் தெரியவில்லை.

கீழே வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்