உன் கொம்பனியும் என் மிளகாய்த்தூளும்

லண்டன், 1992

என் ராசாவுக்கு,

ஜேர்மனியில் நீ வேலை செய்யும் ரோட்டுக் கொம்பனியின் கதையைப் போனில் சொன்னாய். ஆதியில் நீராவி இயந்திரத்தால் வயல் உழுதவர்களாம். உழவு குறைந்ததும் அதே இயந்திரங்களால் ரோடு போட்டார்களாம். பிறகு உலகச் சண்டையில் தொழிற்சாலையும் ஊரும் பறிபோக, வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கினார்களாம். “அவை தொடங்கினவை. உங்களுக்கு ஏலாதே அம்மா?” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

இங்கே ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருக்கும் தவமலர் மிளகாய்த்தூள் அரைக்க மெசின் வாங்கியிருக்கிறாள். இன்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“யாழ்ப்பாணத்திலை அண்ணையோடை மில் நடத்தின ஆள் நீங்கள். இதையும் நீங்கள்தான் நடத்தோணும். முதல் சுவிட்சைப் போடுங்கோ அக்கா.”

“உனக்கென்ன விசரே? அவருக்கு ஆண்டுத் திவசம்கூட முடியேல்லை. பொட்டில்லாத நான் தொடக்கிவைக்கலாமே?”

“மிளகாய்க்கு உங்கடை நெத்தி தெரியுமே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா இருந்தால் அவரும் சிரித்திருப்பார். உன் கொம்பனிக்காரரை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். தூள் பறந்தது, இரண்டு பேரும் தும்மித் தள்ளினோம். கண்ணும் நிறையக் கலங்கியது. அது மிளகாயால்தான், நீ யோசிக்காதே.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். உன்னோடு ரோடு போடுகிறவர்களுக்கும் தூள் அனுப்புவேன், கொஞ்சமாகப் போடச் சொல்.

கை இன்னும் எரியும்
உன் அம்மா