ஜன்னல் திரை

என் வீட்டு ராணிக்கு,

நான் சமைத்ததை நானே சாப்பிடுகிறேன். அந்தத் தண்டனையே போதும், மற்றபடி நலம். உன் அம்மா தேறும்வரை நீ அங்கேயே இரு.

நேற்று அவர் போனில் அழுதார். "தம்பி இறந்துபோன சேதி வந்து எம் பொண்ணு மூச்சுமுட்டி அழுதப்ப, நீங்கதான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து காத்து வரவெச்சீங்களாம். சொல்லிச் சொல்லி உருகுறா, மாப்பிள்ளை."

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. செய்திக்காகக் கேமராவோடு எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். நுழைந்ததும் முதலில் ஜன்னல் திரையை விலக்குவேன். இல்லாவிட்டால் அழுகிறவர்களின் முகம் டிவியில் இருட்டாகத் தெரியும். இப்போதெல்லாம் யோசிப்பதுகூட இல்லை, கை தானாகவே போய்விடுகிறது.

அன்று என் தோளில் கேமராகூட இல்லை.

இனி யாரிடமும் காற்று வந்தது என்று சொல்லாதே. நான் விலக்கியது திரையை மட்டும்தான். அதற்குப் பின்னால் கண்ணாடிக் கதவு மூடியே இருந்தது. உன் முகத்தில் வெளிச்சம் விழுந்ததும், வழக்கம்போல் அதை மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.

உன் வீட்டுக்காரன்