வெர்னாவின் பதினான்கு அடி வீடு

வாலரூ,
ஏப்ரல் 6

அன்பு மகள் நரெல்லுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் கிளென்னும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை, உனக்கு வேலைக்குப் போகிற அவசரம். தாளில் எழுதினால் என் வாக்கியத்தை நானே முடித்துக்கொள்ளலாம்.

இங்கே வெயில் தணிந்துவிட்டது. நண்டு பிடிக்க வருகிற கூட்டமும் கடல் பாலத்தில் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு டாட்டி, மகனோடு இருக்க அடிலெய்டுக்கே போய்விட்டாள். அவள் வீட்டை இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு புது முகம். நான் கையசைத்தால் அவர்களும் கையசைக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடீனா போகும் சாலையில் ஒரு வீட்டு வாசலில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன கேரவன் வீடு ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. பதினான்கு அடி. நிறுத்திய பிறகு கூரையைக் கையால் மேலே தூக்கிவிடுகிற வகை. மூன்று முறை அதைத் தாண்டிப் போனேன். நான்காவது முறை காரை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

அது மெர்வ் பாஸ்கோ என்பவருடையது. அவர் மனைவி ஐலீனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி, கேரவனின் படி ஏற முடியவில்லை. அவர் எனக்கு ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டி, திரும்ப மெதுவாக மூடினார். பிறகு, "யாரோட போகப் போறீங்க?" என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். "இதை இழுத்துக்கிட்டுப் போறது கடைக்குப் போறமாதிரி இல்லம்மா" என்றார். "பத்து அறுவடைக்குக் கோதுமை லாரி ஓட்டினவ நான். இது அதுல கால்வாசி இருக்குமா?" என்றேன். உள்ளேயிருந்து ஐலீன் சத்தம் போட்டாள்: "மெர்வ், அவங்க உன்னைவிட நல்லாவே ஓட்டுவாங்க. வாயை மூடிக்கிட்டு சாவியைக் குடு!" ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

போனில் கேரவன் என்று நான் தொடங்கியதுமே, "அறுபத்தொன்பது வயசுல என்னம்மா இது கிறுக்கு? அப்பா இருந்தா விடுவாரா?" என்று கேட்டாயே. விட்டிருக்கவே மாட்டார். "சொந்தக் கட்டில் இருக்கும்போது தகர டப்பாக்குள்ள எவன் படுப்பான்?" என்பார். நாற்பத்து நான்கு வருஷம் நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தக் கட்டில் இருக்கிறது. பெரிய கட்டில்.

இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. மெர்வ் தன் வண்டியைத் தரமாட்டார், ஐலீனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அது வேண்டும். என் காரைப் பார்த்து மெக்கானிக், "இது கேரவனை இழுக்காதும்மா. கேரவன்தான் இதை இழுத்துக்கிட்டுப் போகும்" என்று கேலி செய்தார். ஆக, கேரவன் வாங்கினால் வண்டியும் வாங்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா


வாலரூ,
ஏப்ரல் 28

அன்பு நரெல்,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

போன சனிக்கிழமை மெர்வ் தன் வண்டியிலேயே கேரவனை மாட்டி, கால்பந்து மைதானத்தில் என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். முன்னால் போவதில் ஒரு சிரமமும் இல்லை. பின்னால் எடுப்பதுதான் சங்கடம். வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போகிறது. பதறித் திருப்பினேன், கேரவன் மடங்கி வந்து குப்பைத் தொட்டியைச் சாய்த்துவிட்டது. கிளப் வாசலில் பியரும் கையுமாக நின்றிருந்தவர்களில் ஒருவன், "அம்மா, பார்க்கிங் பண்றீங்களா, டான்ஸ் ஆடுறீங்களா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். இறங்கிப் போய்த் தொட்டியை நிமிர்த்தி, சிதறிய குப்பையை நானே அள்ளிப் போட்டேன். "மொதல் நாள் நான் எங்க வீட்டு வேலியவே சாய்ச்சேன்" என்று மெர்வ் சொன்னார். என் மனசுக்காகச் சொன்ன பொய் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, இந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஐந்து நாள் அந்த முடிவில்தான் இருந்தேன். வியாழக்கிழமை காலை ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் "காலை வணக்கம்" என்றதும் நானும் "வணக்கம்" என்றேன். குரல் கரகரவென்று வந்தது. அப்போதுதான் தெரிந்தது, திங்கட்கிழமைக்குப் பிறகு நான் வாய் திறந்தே பேசவில்லை. ரொட்டிக்கடையில்கூட விரலைத்தான் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே மெர்வைக் கூப்பிட்டேன். "கேரவனை யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றேன். "யாரும் கேக்கவே இல்லம்மா" என்றார்.

நரெல், உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன செப்டம்பரில் உன் வீட்டுக்கு வந்தபோது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நான்கு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன் அல்லவா? எந்த டாக்டரையும் நான் பார்க்கவில்லை. நீ தையல் மெஷின் வைத்திருக்கிற அறையில் எனக்குப் படுக்கை போட்டிருந்தாய். அந்தச் சுவர் மெல்லிய சுவர். "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கிளென் கேட்டார். அதில் தப்பில்லை. இரவெல்லாம் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷன். நான் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வார்? "செவ்வாய்க்கிழமைவரைக்கும் பொறுத்துக்கோங்க. எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்று நீ சொன்னாய்.

கோபத்தில் எழுதவில்லை. இந்த ஏழு மாதத்தில் கோபம் இருந்த இடம்கூட எனக்கு மறந்துவிட்டது. நீ களைத்துப்போயிருந்தாய், எனக்குத் தெரியும். ஆனால் கேரவன் எதற்கு என்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். எங்கே போனாலும் என் கட்டிலும் என் அடுப்பும் என்னோடு வரும். யாரும் எனக்காக ஓர் அறையைக் காலி செய்ய வேண்டாம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதலாமா என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

அம்மா


வாலரூ,
மே 20

அன்பு நரெல்,

நீ அனுப்பிய உறை வந்தது. கடிதம் இருக்குமென்று அவசரமாகப் பிரித்தேன். முதியோர் குடியிருப்பு ஒன்றின் வண்ணப் புத்தகம் இருந்தது. "இதையும் பாரும்மா" என்று மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தாய். உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்தில் எழுதினமாதிரியே சாய்ந்திருக்கிறது.

நீ சொன்னதற்காகப் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம், நல்ல திரைச்சீலைகள். அங்கே இருக்கிற ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க வந்துடுங்க. எனக்குப் பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு" என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து அதையே மறுபடியும் சொன்னாள். நான் கிளம்பும்போதும் கையை விடவில்லை. ஒரு நாள் நானும் அங்கே போக வேண்டியிருக்கலாம். ஆனால் இந்த வருஷம் இல்லை.

கேரவனையும் அதை இழுக்க ஒரு வண்டியையும் வாங்கிவிட்டேன். வண்டி பழைய டீசல் வண்டி, பாறை மாதிரி கனம். சேமிப்பில் பெரிய துண்டு போனது உண்மைதான். மூன்று வாரம் தினமும் காலையில் மைதானத்துக்குப் போய்ப் பின்னால் எடுக்கப் பழகினேன். போன புதன்கிழமை இரண்டு தொட்டிகளுக்கு நடுவே ஒரே முறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஐலீன் ஹாரனை விடாமல் அடித்தாள். பிறகு மெர்வ் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கேரவன் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஐலீன்தான் சொன்னாள்: "அழுறார், வெர்னா. கண்டுக்காதீங்க. போற ஊர்லேர்ந்தெல்லாம் ஒரு கார்டு போடுங்க, போதும்."

ஜூன் இரண்டாம் தேதி கிளம்புகிறேன். செடூனா வழியாக நல்லார்போர் சமவெளியைத் தாண்டி மேற்கே போகிறேன். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டமாட்டேன், கங்காரு குறுக்கே வரும் என்று எனக்கும் தெரியும். லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிடுவேன். அவசரமில்லை. வழியில் என்னைப் போன்ற நரைத்தலை நாடோடிகள் நிறையப் பேர் இருப்பார்களாம், மாலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யாரோடு வேண்டுமானாலும் பேசுவார்களாம். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் கடைசியில் கராத்தா வந்து சேர்ந்துவிடுவேன். பயப்படாதே, உங்கள் ஊரில் கேரவன்கள் நிறுத்துகிற இடத்தில் பத்து நாளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கேயிருந்து உன் வீடு நாலு கிலோமீட்டர். நீ கூப்பிடாமல் நான் அங்கே வரமாட்டேன். ஒரு மாலை உனக்கு நேரம் கிடைத்தால் நீயே வா. என் அடுப்பில் டீ போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று, உனக்கு முடிந்தால் மட்டும். உன் வீட்டுப் பக்கவாட்டில் கிளென் தன் படகை நிறுத்துகிறாரே, அதன் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது அல்லவா? அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு நாள் டேப் வைத்து அளந்து பார். கேரவன் உள்ளே பதினான்கு அடிதான், ஆனால் இழுக்கிற கொக்கி நுனியிலிருந்து பின்பக்கம்வரை ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பகலில் நான் கடற்கரைக்குப் போய்விடுவேன், அவர் தூக்கம் கெடாது. தண்ணீரும் என்னிடமே இருக்கிறது.

இடம் போதாவிட்டால் போதாது என்று ஒரு வரி எழுதி செடூனா தபால் நிலையத்துக்கு அனுப்பிவிடு, போகிற வழியில் வாங்கிக்கொள்கிறேன். நீளம்தான் போதவில்லை என்று எடுத்துக்கொள்வேன், வேறெதுவும் நினைக்கமாட்டேன்.

நீங்கள் இருவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன்
அம்மா