பஸ்ஸில் ஏறினால் நடக்கும் கடிகாரம்

அப்பா,

இன்று காலை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நடையை எண்ணும் உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வீட்டிலிருந்து ரோடு வளையும் கோயில் முடக்கு வரை ஏறி, மறுபக்கம் இறங்கி வந்திருக்கிறேன். அதுவோ, நான் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து நிற்பதைப் போல ஒரு சின்ன எண்ணைக் காட்டியது. முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு என் இடது கையைப் பார்த்தேன். அது குடைப்பிடியை நெஞ்சோடு சேர்த்து, அசையாமல் பிடித்திருந்தது. சிரித்துவிட்டேன். கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்கள், டீச்சருக்கு என்ன வந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வாரில் உங்கள் மணிக்கட்டுக்கான துளை வாய் பிளந்து கிடக்கிறது. என் கைக்கு அதைத் தாண்டி உள்ளே பூட்ட வேண்டும். ஒவ்வொரு காலையும் உங்கள் துளையைக் கடந்துதான் என் துளைக்கு வருகிறேன்.

நடக்காத மனிதர் நீங்கள். வேலை செய்த காலமெல்லாம் தோட்டத்துக் கொழுந்து லொறியில். கடைக்குப் போவதென்றாலும் லொறி அந்தப் பக்கம் போகும்வரை காத்திருப்பீர்கள். "இவருக்குக் காலு ரெண்டும் பிரேக்குக்கும் கிளச்சுக்கும்தான்" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் சளைக்கவில்லை. "நடக்கிறதுக்கா லைசன் எடுத்தேன்?" என்பீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் வந்தது. ஹட்டன் கிளினிக்கில் அந்தச் சிங்கள டாக்டரம்மா உங்களை நேராகப் பார்த்து, "ஐயா, ஒவ்வொரு நாளும் நடக்கணும். அடுத்த கிளினிக்ல சீனி குறையாட்டி ஊசிதான், தினமும்" என்றார். பனியில் முன்னால் ஒன்றும் தெரியாத இறக்கத்தில் பாரத்தோடு லொறியை இறக்கிய நீங்கள், வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏன் புள்ள, அந்த ஊசிய எங்க போடுவாங்க?"

"வயித்துலப்பா."

வீடு வந்து சேரும்வரை வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே வந்தீர்கள்.

அந்த வாரமே கடிகாரத்தை வாங்கி வந்தேன். உங்கள் உயரம், எடை எல்லாவற்றையும் அதில் பதிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தீர்கள். "வயசும் கேக்குதா? கொறச்சுப் போடு, அதுக்கு என்னா தெரியப் போவுது." அன்றிலிருந்து உங்களுக்கு அது கடிகாரம் இல்லை, மீட்டர். காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன் மீட்டரைப் பார்ப்பீர்கள்.

தொடக்கத்தில் நீங்கள் நடந்தது அதில் பாதிகூட விழவில்லை. அது ஓயாத மழைக்காலம். நனைந்த குடையோடு வந்து என் முகத்துக்கு நேரே கையை நீட்டுவீர்கள். "மேல் டிவிசன் வரைக்கும் போயிட்டு வாரேன். இது என்னா காட்டுது பாரு." பக்கத்து வீட்டு சூசை மாமா, ஒருகாலத்தில் உங்கள் லொறியில் கிளீனராக இருந்தவர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சும்மா இருப்பாரா? "அண்ணே, கேபிள் அறுந்த மீட்டர நம்பி வண்டிய எடுத்துட்டீங்க!"

பிறகு ஒரு வாரத்தில் எண்கள் தாவி ஏறத் தொடங்கின. நீங்கள் அடிக்கடி ஹட்டனுக்குப் போய் வந்தீர்கள். டவுனில் நடந்தால் நன்றாக விழுகிறது என்றீர்கள். நானும் நம்பினேன். ஆசிரியர் அறையில் அப்பாவின் நடையைப் பற்றிப் பேசாத நாளில்லை. அந்தப் பெருமையோடுதான் அடுத்த கிளினிக்குக்கு உங்களைக் கூட்டிப் போனேன். சீனி முந்தியதைவிடக் கூடியிருந்தது.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். நீங்கள் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டீர்கள். "அம்மா, இன்னும் ஒரு மாசம் தாங்க. ஒரே ஒரு மாசம்." அவர் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி ஐயா. ஆனா இதுதான் கடைசி."

அன்று பின்னேரம் சூசை மாமா தீர்ப்புச் சொன்னார். "அண்ணன் கதிரையில ஒக்காந்துகிட்டுக் கைய ஆட்டியிருக்காரு. வேற ஒண்ணுமில்ல."

நீங்கள் எழுந்து நின்ற வேகம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. "டேய் சூசை, தோட்டத்து லொறி மீட்டரையே திருப்பாதவன் நான். இதத் திருப்புவேனா?"

அவர் வேலியை விட்டு நகர்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு உங்களைக் குடைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை காலையில் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா புள்ள, டவுனுக்குப் போய்ட்டு வருவோம்" என்றீர்கள். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் உட்கார்ந்தோம். நம் தோட்டத்து ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தார் இருக்கும் இடத்தைத்தான் தேட வேண்டும். நீங்கள் கையை மடியில் வைத்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். இரண்டாவது முடக்கில் என்னை இடித்தீர்கள்.

"இங்க பாரு."

ஒவ்வொரு குழிக்கும் எண் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் குலுங்கக் குலுங்க அது ஓடியது.

"பஸ்ஸு நடக்குது. நான் ஒக்காந்திருக்கேன்!"

உங்களுக்கு வந்த சிரிப்பில் இருக்கையே ஆடியது. டிக்கட் கிழித்துக்கொண்டு வந்த கொண்டக்டர், "என்னா ஐயா, சொல்லிட்டுச் சிரிங்களேன், நாங்களும் சிரிப்போம்ல" என்றார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். டவுனில் இறங்கும்போதுதான் சிரிப்பு அடங்கியது. நான் பெருமைப்பட்ட நடையெல்லாம் பஸ் நடந்த நடை. அங்கே நீங்கள் பழைய டிரைவர்மாரோடு கடையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிப் பால் இல்லாத பிளேன்டீ குடித்திருக்கிறீர்கள்; கேட்டதும் நீங்களே சொன்னீர்கள். குடையோடு மலை ஏறிய உண்மையான நடையை மட்டும் கடிகாரம் கண்டுகொள்ளவில்லை. கை வீசினால்தான் அதற்கு நடை.

அந்த ஒரு மாதம் நாம் இருவரும் கடிகாரத்தோடு மல்லுக்கு நின்றோம். கடிகாரத்தின் பக்கவாட்டுப் பொத்தானை அமர்த்திப் பிடித்தால் நடைக்கணக்கு தனியாகப் பூச்சியத்திலிருந்து தொடங்கும், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்று கையேட்டில் படித்துச் சொன்னேன். "லொறியில ட்ரிப் மீட்டர் மாதிரி" என்று பிடித்துக்கொண்டீர்கள். அதன் பிறகு அந்த எண்ணைத் தவிர வேறெதையும் நாம் நம்பவில்லை. குடையை வலது கைக்கு மாற்றிப் பார்த்தோம். அந்தக் கையில் பை வந்தது, குடை மறுபடி இடது கைக்குப் போனது. கடைசியில் ஒருநாள் கடிகாரத்தைக் கழற்றிக் கணுக்கால் பக்கமாகக் காலுறைக்குள் செருகிக்கொண்டு புறப்பட்டீர்கள். திரும்பி வந்து குனிந்து எடுத்துப் பார்த்தபோது, நடந்த நடை அதில் அப்படியே இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "அண்ணே, கொலுசு ஒத்தக் காலுக்குத்தானா?"

"மத்த காலுக்கு நீ வாங்கிக் குடு" என்றீர்கள். மறுநாளிலிருந்து சூசை மாமாவும் உங்களோடு நடக்கத் தொடங்கினார். உள்ளங்கைச் சீனியும் அந்த மாதத்தோடு நின்றது.

அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கதிரையை விட்டு எழுந்தே விட்டார். "ஹொந்தய் ஐயா, ஹரிம ஹொந்தய்! ரொம்ப நல்லது, ஊசி வேணாம்." நீங்கள் அவரைக் கும்பிட்டீர்கள். வெளியே பஸ் ஆள் நிரம்பக் காத்து நின்றிருந்தது. நான் ஏறப் போனேன். "நீ வேணும்னா இதுல வா. நான் நடந்து வாரேன்." ஹட்டனிலிருந்து வீடு வரைக்கும்! உங்களோடு நானும் நடந்தேன். பாதி வழியில் அந்த பஸ்ஸே நம்மைப் பிடித்து, பக்கத்தில் மெதுவாகி நின்றது. "பெரியவரே, ஏறுங்க!" என்று கூப்பிட்ட டிரைவருக்கு நீங்கள் கையை ஆட்டினீர்கள். "நீ ஓட்டு தம்பி. நான் நடக்கிறேன்."

அதன் பிறகு நீங்கள் விடவில்லை. போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலம், ஒரு பின்னேரம், நடந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, தேத்தண்ணி கேட்டுவிட்டு, நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டீர்கள். கடிகாரம் காலுறைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பொத்தானை அமர்த்தி, நடையை நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் அவ்வளவு பயந்த அந்த ஊசி உங்கள் வயிற்றில் ஒருநாளும் படவில்லை.

போன மாதம் அதே கிளினிக்கில், வேறொரு டாக்டர் என் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கும் சீனி எல்லைக்கு வந்திருச்சு. நடந்தா இப்பவே திருப்பிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தேன். கடிகாரம் உங்கள் உயரத்தோடும் எடையோடும் விழித்தது. ஒவ்வொன்றாக மாற்றினேன். வயதைக் கேட்டபோது ஒன்று குறைத்தே போட்டேன். அதற்கு என்ன தெரியப் போகிறது?

அடுத்த கிளினிக் வரும் வாரம். பயம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் பாவாடை இடுப்பில் தளர்ந்திருக்கிறது, ஏற்றத்தில் மூச்சு முன்போல வாங்குவதில்லை.

இன்று மடுவத்தில் ஒரு தூணில் சாய்ந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, கடிகாரத்தைக் காலுறைக்குள் செருகினேன். கூடையை இறக்கி வைத்த ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"டீச்சர், கொலுசா அது? ஒண்ணுதான் இருக்கு!"

"மத்தது எங்கப்பா வாங்கித் தரல" என்றேன். மடுவமே சிரித்தது.

குடையை விரித்து வெளியே வந்தேன். பள்ளி முடக்குக்குக் கீழே காலை பஸ் என் பக்கத்தில் மெதுவாகி, டிரைவர் தலையை நீட்டினார். "மழை டீச்சர், ஏறுங்க!" கையை ஆட்டிப் போகச் சொன்னேன். ஒவ்வொரு குழியாக விழுந்து எழுந்து அது ஏறிப் போனது. கண்ணாடிக்குள்ளே எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குலுங்கின. உங்கள் மீட்டர் அங்கே இருந்திருந்தால் அத்தனை பேரையும் வேகு வேகென்று நடக்க வைத்திருக்கும். தனியாகச் சிரித்துக்கொண்டே, பஸ்ஸுக்குப் பின்னால், என் காலாலேயே ஏறினேன்.